அடம் என்று முதலில் சொன்னது நான்தான்

காலை நிகழ்ச்சியில் பாட்டு ஓடும்போதுதான் வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவுகளைக் கேட்க எனக்கு நேரம் கிடைக்கும். நாலு நிமிடம். அதற்குள் பிறந்தநாள் வாழ்த்து, பாட்டு விருப்பம், "அக்கா, ஃபெடரல் நெடுஞ்சாலை ஒரே ஜேம்" எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் வந்த ஒரு பதிவு 47 விநாடி. கிள்ளானிலிருந்து ஒரு தாய்.

"அக்கா, இத ரேடியோல போட வேணாம். என் மகனுக்கு நாலு வயசாகுது. இன்னும் பேச்சு வரல. கோவம் வந்தா கடிக்கிறான், தலைய சுவத்துல முட்டிக்கிறான். தாடிகாவுல இனிமே அனுப்ப வேணாம்னு சொல்லிட்டாங்க. எங்க போய் காட்டுறதுன்னே தெரியல. மாமியார் நான் செல்லம் கொடுத்து கெடுத்துட்டேன்னு சொல்றாங்க."

ஒலியோடு பிழைப்பு நடத்துகிறவளுக்குப் பேசுகிறவரின் குரலோடு பின்னணியும் சேர்ந்தே காதில் விழும். அந்தப் பதிவில் பின்னால் சீராக ஒரு சத்தம் கேட்டது. டம்... டம்... டம். யாரோ பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். எனக்கு அது என்ன என்று தெரியும். எங்கள் வீட்டிலும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அடுத்த பாட்டுக்கு அறிவிப்புச் சொல்ல அன்று எனக்குக் கொஞ்சம் தாமதமானது.

அவருக்கு நான் அன்றிரவே பதில் சொன்னேன். சொன்னதில் பாதியை இங்கே எழுதுகிறேன். மீதிப் பாதி, என்னைப் பற்றியது, அவரிடம் சொல்லாதது.

என் அக்காவுக்கு ஒரே மகன். வீட்டில் எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஒன்றரை வயதில் தடுப்பூசிக்குப் போனபோது அரசாங்க சுகாதார கிளினிக்கில் தாதி அக்காவிடம் சில கேள்விகள் கேட்டிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, விரல் நீட்டி எதையாவது காட்டுகிறானா, நீங்கள் ஒன்றைச் சுட்டிக் காட்டினால் அந்தப் பக்கம் பார்க்கிறானா என்பது போல. நம் நாட்டில் 18 மாதப் பரிசோதனையின்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கப்படும் கேள்விகள்தாம் அவை. ஆட்டிசத்தின் அடையாளங்களை முன்கூட்டியே கண்டுகொள்வதற்காக வைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் தாதி ஏதோ படிவம் நிரப்புகிறார் என்று நினைத்து "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். அக்காவும் அதைத்தான் செய்தாள். தம்பிக்கு எது வேண்டுமானாலும் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். அதையே "சுட்டிக் காட்டுகிறான்" என்று அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்று எங்களுக்குத் தெரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது.

அதில் ஒரு வருடம் என் கணக்கு. இரண்டேகால் வயதில் அக்கா என்னிடம் வந்து, "இவன் என்னை பாக்கவே மாட்டேங்கிறான்டி, டாக்டர்கிட்ட காட்டவா?" என்று கேட்டாள். நான் தொடர்பியல் படித்தவள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளுக்காக ஒரு நிபுணரை நிலையத்துக்கு அழைத்து அரை மணி நேரம் பேசியவள். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று என் வாயாலேயே ஐந்து முறையாவது சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட நான் அக்காவிடம் சொன்னது: "ஆம்பள புள்ள லேட்டாத்தான் பேசும். நம்ம பெரிய மாமா நாலு வயசுலதான் பேசினாராம். இவன் கொஞ்சம் அடம், அவ்வளவுதான்."

அவள் ஆறுதலோடு வீட்டுக்குப் போனாள். அந்த ஆறுதலை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மூன்று வயதில் தாடிகாவில் இன்னொரு பிள்ளையின் தோளைக் கடித்துவிட்டான். இரண்டாவது முறை கடித்தபோது, "வேற இடம் பாருங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கைப்பேசி பார்த்ததால், அக்கா வேலைக்குப் போவதால், கர்ப்பமாக இருந்தபோது எதையோ பார்த்துப் பயந்ததால். அத்தானின் அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினார். நம்பிக்கையைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் தம்பியால் அந்தக் கயிற்றின் உரசலைத் தாங்க முடியவில்லை. மணிக்கட்டு சிவக்கச் சிவக்க இரவெல்லாம் கடித்துப் பிய்த்தான். பிய்த்து எறிந்ததைப் பார்த்ததும், "பாத்தியா, உள்ள இருக்கிறதுக்கு பிடிக்கல" என்றார்கள். சட்டைக் கழுத்தில் இருக்கும் துணிச்சீட்டைக்கூடத் தாங்காத பிள்ளை அவன் என்று அன்றைக்கு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தொடுதல், ஒலி, வெளிச்சம் இவற்றை அளவுக்கு மீறி உணர்வதும், சில சமயம் உணராமலே இருப்பதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சேர்த்துக்கொண்டது.

தாயின் மேல் பழி போடுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் படித்த மருத்துவர்களே, பிள்ளையிடம் பாசம் காட்டாத "குளிர்ப்பெட்டித் தாய்" தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர் அது தவறு, இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு என்று ஒரு நூலே எழுதினார். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. தடுப்பூசிதான் காரணம் என்று 1998-இல் கிளம்பிய ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சாகவில்லை.

இடையில் ஒரு சொல் பற்றி. தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள், செய்தி வாசிக்கும்போது நானும் சொல்லியிருக்கிறேன். தம்பியோடு பழகிய பிறகு எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. அவன் மதியில் எதுவும் இறுகிக் கிடக்கவில்லை. அதனால் இங்கே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கடைசியில் அக்கா யாரையும் கேட்காமல் சுகாதார கிளினிக்குக்குப் போனாள். அங்கிருந்த மருத்துவர் கடிதம் கொடுத்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினார். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதனை. பேச்சு வராத பிள்ளைக்கு எப்போதும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பு. எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. தனியாரிடம் போனால் சீக்கிரம் கிடைக்கும், செலவு அதிகம். அத்தான் ஷிப்ட் வேலை செய்கிறவர், காத்திருப்பது என்று முடிவு செய்தார்கள்.

அந்த ஏழு மாதத்தை நாங்கள் வீணாக்கினோம், நீங்கள் வீணாக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இப்போதே பெயர் பதியுங்கள் என்று கிளினிக் மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியவில்லை. இன்னொன்று, மருத்துவரைப் பார்க்கும் அன்றைக்கென்று பார்த்துத் தம்பி சாமி மாதிரி உட்கார்ந்திருந்தான். கடிக்கவில்லை, முட்டவில்லை. அக்கா சொன்னதை நம்புவார்களா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நல்ல வேளை, அத்தான் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த இரண்டு காணொளிகளைக் காட்டினார். அடிவாங்கிக்கொண்டு நிற்கும்போது படம் எடுக்க யாருக்கு மனசு வரும்? ஆனாலும் எடுத்து வையுங்கள். சாப்பிடுவது, விளையாடுவது, தூங்குவது எல்லாவற்றையும்கூட.

ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னதும் அக்கா அழவில்லை. கார் நிறுத்துமிடத்தில் கட்டணச் சீட்டைத் தேடும்போதுதான் அழுதாள். அத்தான் சீட்டைத் தேடிக்கொண்டே இருந்தார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பெயர் வைத்தால் பிள்ளை முத்திரை குத்தப்பட்டுவிடுவான் என்று பயப்படுகிறார்கள். அடம்பிடிக்கிறவன், கெட்ட பிள்ளை, வளர்ப்பு சரியில்லை என்ற முத்திரைகளை அவன்மேல் நாம் எப்போதோ குத்திவிட்டோம் என்பதுதான் என் பதில். மருத்துவர் தந்த பெயருக்காவது பயன் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வைத்துத்தான் சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டைக்குப் பதிந்தோம். 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டத்தின்கீழ் நடக்கும் பதிவு அது, விருப்பப்பட்டால் செய்யலாம், கட்டாயம் இல்லை. ஆட்டிசம் அங்கே கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். அந்தத் தலைப்பைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அது நிர்வாக வசதிக்கான பெட்டி. பள்ளிப் பருவம் வந்தால் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது, சில தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. அங்கே பயிலும் மாணவருக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை தருகிறது. சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி நிராகரிக்கக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. கொள்கை காகிதத்தில் இருப்பது போலவே எல்லா அலுவலகத்திலும் நடக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். 1986 முதல் இயங்கும் நேசோம் என்ற தேசிய ஆட்டிசச் சங்கமும், சமூக நல இலாகாவின் கீழ் ஊருக்கு ஊர் நடக்கும் பிடிகே மறுவாழ்வு மையங்களும் விசாரித்துப் பார்க்க வேண்டிய இடங்கள்.

இதெல்லாம் படிவ வேலை. அந்த டம் டம் சத்தத்துக்கு இதில் பதில் இல்லை.

தம்பி அதிகம் அடித்தது என் அம்மாவைத்தான். சாயங்காலம் ஆறு, ஏழு மணி வாக்கில் திடீரென்று ஓடிப்போய் முதுகில் அடிப்பான், பிறகு சுவரில் தலையை முட்டுவான். அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு, "பேரன்தானே" என்பார். ஆனால் அவன் பக்கம் முதுகைக் காட்டி நிற்பதை நிறுத்திவிட்டார். தெரபிஸ்டிடம் அக்கா, "இதை எப்படி நிறுத்துறது?" என்று கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று கோடு போட்டார். அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். மணியோடு எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள்.

எழுதினோம். யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் எழுதினார். அம்மா தமிழில், அத்தான் மலாயில், நான் என் கோழிக் கிறுக்கலில். பதினான்கு நாள் கழித்துப் பார்த்தால், ஒன்பது நாள் முதல் பத்தியில் அம்மாவின் கையெழுத்தில் ஒரே சொல் இருந்தது. குக்கர்.

அம்மா சாயங்காலம்தான் பருப்பு வேகவைப்பார். விசில் வரும். நமக்கு அது சாப்பாடு தயாராகிறது என்ற சத்தம். அவனுக்கு அது காதுக்குள் ஆணி. எப்போது வரும், எத்தனை முறை வரும் என்று தெரியாத ஆணி. அடுப்பருகே எப்போதும் நின்றது அம்மா. அம்மா நோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னை அடிக்கலடி அவன். குக்கரை நிறுத்துன்னு சொல்லியிருக்கான்."

பருப்பை அவன் வீட்டில் இல்லாத காலை நேரத்துக்கு மாற்றினோம். நிலையத்தில் ஒரு பக்கம் செத்துப்போன பழைய ஹெட்போன் ஒன்று கிடந்தது. வயரை வெட்டிவிட்டு அதை அவனுக்குக் கொடுத்தேன். காதை மூடிக்கொள்ள அது போதும். பசார் மாலாம் போனாலும் அதோடுதான் வருவான், சின்ன டீஜே மாதிரி.

சினிமாவாக இருந்தால் இத்துடன் சுபம் போட்டிருக்கலாம். மீதி ஐந்து நாள் இருந்ததே? அதில் இரண்டு நாள் சாப்பிடும்போது நடந்திருந்தது. மருத்துவரிடம் சொன்னபோது முதலில் பல்லைப் பார்க்கச் சொன்னார். கடைவாய்ப் பல்லில் சொத்தை, பல மாதமாக இருந்திருக்கும் என்றார் பல் மருத்துவர். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை எப்படிச் சொல்வான்? திடீரென்று ஒரு பிள்ளை முரடாக மாறினால் பல், காது, மலச்சிக்கல் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

கடைசி மூன்று நாள்தான் எங்கள் முகத்தில் கரி பூசியது. அந்த மூன்று நாளும் மூன்றாம் பத்தியில் எழுதியிருந்தது: "கைப்பேசி கொடுத்தோம்." தலையை முட்டினால் கைப்பேசி கிடைக்கும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாங்கள்தான், மாதக்கணக்கில், சம்பளம் கொடுப்பது போலத் தவறாமல். அதை மாற்றத்தான் அதிக நாள் பிடித்தது. கைப்பேசிப் படம் ஒட்டிய ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, அதை நீட்டினால் பத்து நிமிடம் உண்டு, முட்டினால் இல்லை என்று பழக்கினோம். முதல் வாரம் முன்னைவிட அதிகமாக முட்டினான். அப்படித்தான் ஆகும், பின்வாங்காதீர்கள் என்று தெரபிஸ்ட் எச்சரித்திருந்தார். சுவரோரம் தலையணைகளை அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தோம். நான் ஒருமுறை பின்வாங்கினேன். அக்கா என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மருந்து உண்டா என்று பலர் கேட்கிறார்கள். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து இல்லை. பிள்ளை தன்னையோ பிறரையோ மோசமாகக் காயப்படுத்தும் அளவுக்கு எரிச்சல் இருந்தால் அதைத் தணிக்க மருத்துவர் சில மருந்துகளை எழுதுவதுண்டு. உடல் எடை கூடுவது போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால் அவர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம்.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும், இது என் தொழில். "தமிழை விட்டுடுங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழம்பிடுவான்" என்று அக்காவுக்கு அறிவுரை சொல்லாதவர்கள் குறைவு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கள் வீட்டில் நாள் முழுக்க அவனோடு இருப்பது பாட்டி. அவருக்கு இங்கிலீஷில் "குட் மார்னிங்" தவிர வேறு தெரியாது. தமிழை நிறுத்தியிருந்தால் அவனிடம் பேச வீட்டில் ஆளே இருந்திருக்காது. அட்டைகளில் அக்கா தமிழில்தான் எழுதி ஒட்டியிருக்கிறாள்: தண்ணி, போதும், வலிக்குது, வேணாம்.

பேச்சுப் பயிற்சியாளர் எனக்கென்று ஒரு பாடம் வைத்திருந்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா இருங்கள் என்றார். வானொலியில் நாலு விநாடி மௌனம் விழுந்தால் தொழில்நுட்பர் எழுந்து ஓடி வருவார். பதினோரு வருடமாக மௌனத்தை நிரப்பியே சம்பளம் வாங்குகிறவள் நான். தம்பியிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் "ஜூஸ் வேணுமா? மைலோ? என்னடா செல்லம்?" என்று நாலு கேள்வி அடுக்கிவிடுவேன். அவன் முதல் கேள்விக்கே பதிலைத் தேடிக்கொண்டிருப்பான். இப்போது மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். ஏழு, எட்டு வரும்போது சில நாள் அட்டை வரும். சில நாள் பத்து தாண்டியும் வராது.

இன்னும் கடிக்கிறான். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பட்டாசில் ஹெட்போனும் பலிக்கவில்லை, என் கையில் தழும்பு இருக்கிறது. போன மாதம் மாமாக் கடையில் தட்டைத் தள்ளிவிட்டு அவன் தரையில் படுத்தபோது பக்கத்து மேசையில் ஒருவர், "ரெண்டு போட்டா சரியாயிடும்" என்றார். வழக்கம்போல அக்கா தலைகுனியவில்லை. "பத்து நிமிஷத்துல சரியாயிடும் அண்ணே, நீங்க சாப்பிடுங்க" என்றாள். பன்னிரண்டு நிமிடம் ஆனது. கடைக்காரர் எதுவும் கேட்காமல் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து வைத்தார். அவரை நான் மறக்க மாட்டேன்.

கிள்ளான் தாய்க்கு இதில் வேண்டியதை மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போங்கள், காதுப் பரிசோதனை கேளுங்கள், பல்லைப் பாருங்கள், இன்றைக்கே ஒரு நோட்டில் மூன்று கோடு போடுங்கள், முட்டும் இடத்தில் தலையணை வையுங்கள். பலமாக அடிபட்டு வாந்தி எடுத்தாலோ சோர்ந்து தூங்கி வழிந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். நேற்று மறுபடி ஒரு பதிவு அனுப்பியிருந்தார். கிளினிக்கில் கடிதம் கொடுத்துவிட்டார்களாம், மருத்துவமனைத் தேதிக்குக் காத்திருக்கிறார். அன்றைக்கு மாமியாரையும் கூட்டிப் போகலாமா, ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிடுவாரோ என்று கேட்டார்.

கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பது அவர்தான். எத்தனை மணிக்கு எது நடக்கிறது என்று மருத்துவர் கேட்டால், அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.